பல்லவி தாண்டாமை: ரசிகர் மாநாட்டுத் தொண்டரையும் வீட்டு ஒலியமைப்பாளரையும் ஒப்பிட்டு நோக்கும் ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

ரசிகர் மாநாட்டில் தொண்டராக நிற்பவர் மாநாட்டைப் பார்ப்பதில்லை. வீட்டில் ஒலியமைப்பைச் செப்பம் செய்துகொண்டே இருப்பவர் பாட்டைக் கேட்பதில்லை. இரண்டும் ஊரறிந்த உண்மைகள் என்பதால் இதுவரை யாரும் ஆராயவில்லை. (ஊரறியாத பொய்களுக்குக் கிடைக்கும் மானியம் பற்றி வேறொரு கட்டுரை தயாராகிறது.) இவ்விருவரும் ஒருவரே என்று நிறுவுவதும், அவர்தம் நிலைக்குப் ‘பல்லவி தாண்டாமை’ என்று பெயரிடுவதும் இக்கட்டுரையின் நோக்கம். பெயர் வைத்துவிட்டால் நோய் தீராது. ஆனால் கருத்தரங்கு நடத்தலாம்.

ஆய்வுக்களம், குரோம்பேட்டையில் என் அக்கா வீட்டு முன்னறை. ஆய்வுப்பொருள், என் அத்தான். அவர் ஒருவரே இரண்டு வகையிலும் அடங்கிவிடுவதால் ஒப்பீட்டுக்கான பஸ் செலவு மிச்சம். தகவலாளி அக்கா. அவர் கூற்றுகள் உரிய இடங்களில் அடைப்புக்குறிக்குள் சுட்டப்படும்.

முன்னோர் ஆய்வுகள்

இல்லை. அதாவது, நான் படிக்கவில்லை. ஆய்வுலகில் இவ்விரண்டும் ஒன்றாகவே கொள்ளப்படும்.

தொண்டர் வகைமை

மேடைத் தொண்டர், வழிகாட்டித் தொண்டர், வரிசைத் தொண்டர், வாயில் தொண்டர் எனத் தொண்டர் நால்வர்.

மேடைத் தொண்டர் நாற்காலி போடுவார்.

வழிகாட்டித் தொண்டர் கழிப்பறை எங்கே என்று சொல்வார். முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு எப்படித் தொடங்கியது என்பதிலிருந்து விளக்க அவர் ஆயத்தமாக வந்திருப்பார். கேட்பவருக்கு அவசரம்.

வரிசைத் தொண்டர் பற்றி மெத்தை இயலில் காண்க.

வாயில் தொண்டரே ஆய்வுக்கு உகந்தவர். உலக அறிவியல் புனைகதை மாநாடு முதன்முதலில் 1939 ஜூலையில் நியூயார்க்கில் கூடியது. வந்தவர்கள் சுமார் 200 பேர். அதில் நிகழ்ந்த உரைகளை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. வாசலில் நிகழ்ந்ததை எல்லாரும் வைத்திருக்கிறார்கள். கலாட்டா செய்வார்கள் என்று அஞ்சி அமைப்பாளர்கள் ஆறு பேரை உள்ளே விட மறுத்தார்கள். அந்த ஆறு பேரில் பிரெடரிக் போல், சிரில் கார்ன்ப்ளூத், டொனால்ட் வோல்ஹைம் மூவரும் பின்னாளில் அத்துறையையே எழுதியும் பதிப்பித்தும் நிரப்பினார்கள். அதே குழுவைச் சேர்ந்த ஐசக் அசிமோவ் எப்படியோ உள்ளே போய்விட்டார். எதிர்கால மனிதன் போல உடுத்திக்கொண்டு வந்த ஃபாரஸ்ட் அக்கர்மனையும் யாரும் தடுக்கவில்லை. ஆக, வாயில் தொண்டர் எப்போதும் சரியான ஆளைத்தான் தடுக்கிறார் என்பது தேற்றம். அத்தானும் சென்ற முறை சிறப்பு விருந்தினரைத் தடுத்தார் (அக்கா, வாய்மொழி).

உலக மாநாட்டில் வேலை செய்கிறவர்களும் உறுப்பினர் கட்டணம் கட்டிவிட்டுத்தான் வேலை செய்வது வழக்கம். காசு கொடுத்து ஊழியம் பார்ப்பது நம் ஊர் முனைவர் பட்ட மாணவர்க்கே உரிய தனிச்சிறப்பு என்று இதுகாறும் கருதியிருந்தேன். அக்கருத்தை இங்கே மாற்றிக்கொள்கிறேன்.

டோக்கியோவில் 1975 டிசம்பரில் தொடங்கிய காமிக் மார்க்கெட்டில் வாடிக்கையாளர் என்று தனியே எவரும் கிடையாது. விற்பவர், வாங்குபவர், தொண்டர் அனைவரும் பங்கேற்பாளரே என்பது கொள்கை. இக்கொள்கையைக் குரோம்பேட்டையில் பாத்திரம் தேய்க்கும் துறையில் புகுத்த அக்கா முயன்றார். அத்தான் அப்போது ஸ்பீக்கர் நகர்த்திக்கொண்டிருந்தார் (அக்கா, சமையலறைக் குறிப்புகள், தாளிப்புக்கு முந்தைய பகுதி).

ஒலியமைப்பு இயல்

ஸ்பீக்கர் இரண்டும் கேட்பவர் தலையும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக வேண்டும். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும். இது விதி. அத்தான் வீட்டில் மூன்றாம் முனையில் பீரோ இருக்கிறது. பீரோவின் காது உயரம் அளக்கப்பட்டுவிட்டது.

அடுத்தது அறை. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் ஓடுகிறது. பன்னிரண்டடி நீள அறையில் அது சுவருக்கும் சுவருக்கும் முட்டி மோதி 47 ஹெர்ட்ஸ் அருகே தன்னைத் தானே ஊதிக்கொள்கிறது. அந்த அதிர்வெண்ணில், சுவரோரம் உட்கார்ந்தால் பேஸ் கும்மென்று அடிக்கும். அறை நடுவில் உட்கார்ந்தால் அதே பேஸ் காணாமல் போகும். வாங்கிய ஆம்ப்ளிஃபையரின் விலை இதை மாற்றாது. ரிச்சி தெருக் கடைக்காரர்களுக்கு இது தெரியும். அவர்கள் அதைச் சொல்லிக் கடை நடத்த முடியாது.

மூன்றாவது, ஹம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வருவதால், எர்த் இணைப்பு இரண்டு வழியில் சுற்றிக்கொண்டால் ஸ்பீக்கரில் அந்த ரீங்காரம் ஏறிவிடும். அத்தான் அதை நீக்கிவிட்டார். இப்போது ஃபிரிட்ஜின் ரீங்காரம் கேட்கிறது. ஃபிரிட்ஜை நிறுத்தலாமா என்ற வினா எழுந்தது (அக்கா, சமையலறைக் குறிப்புகள், திருத்திய இரண்டாம் பதிப்பு, குக்கரின் மூன்றாம் விசிலுக்கும் நான்காம் விசிலுக்கும் இடைப்பட்டது, விசிலால் சிதைந்த இரு சொற்கள் ஊகித்து நிரப்பப்பட்டன, அச்சிடப்படவில்லை).

வயர்களைப் பொறுத்தவரை, அத்தான் நச்சினார்க்கினியர் மரபினர். முல்லைப்பாட்டின் தலையில் கிடந்த சொல்லைக் காலில் கிடந்த சொல்லோடு மாட்டி உரை கண்ட அப்பெருமகன் போல, டிவிக்குப் பின்னாலிருந்து கிளம்பும் வயர் பூஜை அலமாரியைச் சுற்றிக் கட்டிலுக்கடியில் புகுந்து எங்கோ போய்ப் பொருள் முடிகிறது. மறைமலையடிகள் கண்டித்தது அவ்வுரையை. இதைக் கண்டிக்க அக்கா ஒருவரே உள்ளார்.

இத்தனைக்கும் நடுவில் பாட்டு? இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) சோதனைத் தட்டாகப் பயன்படுகிறது. வயலின் எழுந்ததும் அத்தானும் எழுந்துவிடுவார். இடது ஸ்பீக்கர் ஒரு விரற்கடை உள்ளே திரும்பும். தட்டு மறுபடி முதலிலிருந்து. திரைப்பாடல்களிலோ முதல் இடையிசை வரை போனதற்கே சான்று அரிது. சரணம் என்று ஒன்று உண்டென்பதை அத்தான் கேள்வியால் மட்டுமே அறிவார்.

மெத்தை இயல்

இனி இக்கட்டுரையின் உயிர்நாடிக்கு வருவோம்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895இல் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டது. ஃபாக் கலைக்கூடத்து விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர்கள் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. ஏன் என்று பார்க்கச் சொன்னார்கள். பேராசிரியர் பேச்சு விளங்காமைக்குக் காரணம் மண்டபம்தான் என்று மனமார நம்பிய நிர்வாகம் உலக வரலாற்றில் அது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். வியப்பு என்னவெனில் காரணம் மண்டபமேதான். சொன்ன சொல் ஐந்தரை நொடிக்கு மேல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

சபைன், சாண்டர்ஸ் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை நள்ளிரவில் வரவழைத்தார். ஊர் அடங்கிய பின் ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, நிறுத்தி, ஓசை அடங்கும் நேரத்தைக் காதால் கேட்டே அளந்தார். கொஞ்சம் மெத்தை பரப்பினார், அளந்தார்; இன்னும் பரப்பினார், அளந்தார். விடிவதற்குள் மெத்தைகள் வந்த இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். இந்தக் கணக்கிலிருந்து பிறந்த சூத்திரத்தைக் கொண்டே பாஸ்டன் சிம்பொனி மண்டபம் கட்டப்பட்டு 1900இல் திறக்கப்பட்டது.

வரலாற்றாசிரியர்கள் சபைனோடு நின்றுவிட்டார்கள். மெத்தை தூக்கிய உதவியாளர்களை நோக்குக! சம்பந்தமில்லாத நேரத்தில், பிறருக்கான அரங்கில், பாரம் சுமந்தார்கள்: இது தொண்டர் இலக்கணம். ஒரே ஒரு சுரத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், பாட்டு எதையும் கேட்கவில்லை: இது ஒலியமைப்பாளர் இலக்கணம். தொண்டரும் ஒலியமைப்பாளரும் ஓருடலில் கூடிய இடம் இதுவே. ஆக, அத்தானின் கோத்திரம் கேம்பிரிட்ஜ், மாசசூசெட்ஸ்.

சபைன் தொடக்கத்தில் ஒலி உறிஞ்சும் அளவை மெத்தையிலேயே சொன்னார். ஒரு மனித உடம்பு ஏறத்தாழ ஆறு மெத்தைக்குச் சமமாக ஒலியை உறிஞ்சும் என்பதும் அவர் கண்டது. இதன் விளைவுகள் பாரதூரமானவை. 1939இல் நியூயார்க்கில் தடுக்கப்பட்டவர் அறுவர், ஆறாறு முப்பத்தாறு. ஆக அம்மாநாட்டு மண்டபம் 36 மெத்தை குறைவுபட்டு எதிரொலித்திருக்கிறது. உள்ளே நிகழ்ந்த உரைகள் ஒருவர் நினைவிலும் தங்காததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இந்த ஆறுக்கும் அந்த ஆறுக்கும் தொடர்பில்லை என்போர் ஆறு என்னும் எண்ணை ஊன்றி நோக்காதவர்.

வரிசைத் தொண்டரின் தொழிலும் இப்போதுதான் துலங்குகிறது. ‘எவ்வளவு நேரம் நிக்கிறது’, ‘அவர் மட்டும் எப்படி உள்ள போனார்’, ‘உங்க மேனேஜரைக் கூப்பிடுங்க’ ஆகிய ஓசைகளை அவர் உறிஞ்சுகிறார். எதிரொலிப்பதில்லை. ஆறு மெத்தை என்பது சாதாரண மனிதருக்கு. தொண்டருக்கு இதைவிடக் கூடுதலாகக் கொள்ளப் பரிந்துரைக்கிறேன்.

குரோம்பேட்டை முன்னறைக் கணக்கு வருமாறு: அத்தான் ஆறு, நான் ஆறு. ஊரிலிருந்து பெரியம்மா வந்து உட்கார்ந்தால் பட்டுப்புடவையோடு சேர்த்து எட்டு. அக்கா ஆறாக இருக்க வேண்டியவர். ஆனால் உறிஞ்சுவதைவிட வெளியிடுவது மிகுதியாதலின் கழித்தல் குறியோடு எழுதப்பட்டார். இக்குறி குறித்து அவர் மறுப்பு தெரிவித்துள்ளார் (அக்கா, மேலது, மளிகைச் சீட்டின் பின்புற ஓரக்குறிப்பு, துவரம்பருப்புக்கும் புளிக்கும் நடுவே, ‘நிறுத்துங்க’ என்பது மூலபாடம், ‘நிறுத்துறீங்களா இல்லையா’ என்பது பாடபேதம், ‘நான் அம்மா வீட்டுக்குப் போறேன்’ என வரும் பகுதி பிற்காலத்தார் இடைச்செருகல் எனக் கருதி அத்தானின் பதிப்பில் விடப்பட்டுள்ளது).

தாம் உடுத்தும் துணியும் ஒலியை உறிஞ்சுகிறது என்று கண்டதும் சபைன் பழைய அளவுகளை ஒதுக்கிவிட்டு, ஒரே உடையை அணிந்தே திரும்ப அளந்தார். என்ன உடை என்பதையும் எழுதி வைத்தார். லுங்கியில் கேட்ட பேஸும் வேட்டியில் கேட்ட பேஸும் வேறு என்று அத்தான் நெடுநாளாகச் சொல்லிவந்ததற்கு அறிவியல் அடித்தளம் இதுவே. நம் பேராசிரியர் சிலரும் இந்நெறி நிற்பவர்தாம். உடை மாறும், ஒரே கட்டுரைதான் ஆறு கருத்தரங்கிலும் வரும்.

பின்னர் சபைன் மெத்தையைக் கைவிட்டுத் ‘திறந்த சன்னலை’ அலகாகக் கொண்டார். சன்னல் வழியே போன ஒலி திரும்பாது, ஆகவே அதுவே முழு உறிஞ்சி என்பது வாதம். இது குரோம்பேட்டைக்குப் பொருந்தாது. இங்கே சன்னலைத் திறந்தால் மின்ரயிலும் ஜி.எஸ்.டி. சாலையும் உள்ளே வரும். மெத்தையே நமக்கு உரிய அலகு என்பது என் துணிபு.

மறுப்புரை

அக்கா கைப்பேசியை எவர்சில்வர் சொம்புக்குள் நிறுத்திவைத்து, வெங்காயம் நறுக்கியபடி, ஒரு பாட்டை இரண்டு சரணமும் முடிய முழுதாகக் கேட்டதாகவும், கூடவே பாடியதாகவும் ஒரு செய்தி உண்டு. முக்கோணம் இல்லை, மெத்தை இல்லை, சொம்பின் அதிர்வெண் அளக்கப்படவில்லை. எனவே இது தரவாக ஏற்கப்படவில்லை.

பல்லவி தாண்டாதார் இருவர் அல்லர், மூவர் என்றொரு வாதமும் எழலாம். சிலப்பதிகாரத்தின் காலம் பற்றி நாற்பது பக்கம் எழுதிவிட்டு மதுரை எரிவது வரை வந்து சேராதவர்களும், பதிப்பு முன்னுரைகளின் பிழைகளைத் திருத்தியே ஓய்வுபெற்றவர்களும் இவ்வினத்தில் சேர மாட்டார்களா என்பது வினா. இடமின்மையால் இதற்குள் புகவில்லை. எனக்கு வழிகாட்டியவர்கள் இன்னும் பணியில் இருக்கிறார்கள் என்பதும் ஒரு காரணம்.

மேலாய்வு

அடுத்த கட்டத்துக்கு மெத்தைகள் வேண்டும். அவற்றை முன்னறையில் பரப்பி, அத்தானை வாசலில் நிறுத்தியும் நீக்கியும், லுங்கியிலும் வேட்டியிலும் அளப்பதாகத் திட்டம். விடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்ற உறுதிமொழியோடு ஒரு கருத்தரங்கக் குழுவுக்கு விண்ணப்பித்திருந்தேன். பதில் வந்துவிட்டது. மெத்தைக்கு நிதி இல்லை. ஆனால் கருத்தரங்கு நடக்கும் இரண்டு நாளும் வாயிலில் நின்று வருகையாளரை வரிசைப்படுத்த ஆள் தேவை, அடையாள அட்டையும் மதியச் சாப்பாடும் உண்டாம். டி-ஷர்ட் அளவு கேட்டிருக்கிறார்கள்.