காற்றுக்கு வட்டி

"மாமா, காசை ஏன் பாங்கிலை சும்மா வைச்சிருக்கிறியள்? பசுமை மின்சார நிதியத்திலை போடுங்கோ, வட்டி கூட" என்று உருத்திரபுரத்துக்குக் கனடாவிலிருந்து வட்ஸ்அப் வருகிறது. மாமா நெல் விற்ற காசுக்கே இன்னும் காத்திருக்கிறார்.

பக்கத்துப் பூநகரியிலும் மன்னாரிலும் 484 மெகாவாட் காற்றாலை என்று வந்த அதானி, அலகுக்கு 8.26 அமெரிக்கச் சத விலையை அரசு குறைக்கக் கேட்டதும் 2025 பெப்ரவரியில் விலகிவிட்டார். சோளகம் மட்டும் ஒப்பந்தமில்லாமல் அடிக்கிறது. அதே மாதம் நாடே இருண்டதற்குப் பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் புகுந்த குரங்குதான் காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர். ஏப்ரலில், வெயில் மின்சாரம் மிஞ்சுகிறது, கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்துங்கள் என்றது மின்சார சபை.

மருமகனே, வட்டி கிடக்கட்டும். அந்த நிதியத்துக்கு உரிமம் கொடுத்தது யார் என்று முதலில் கேட்டு எழுதும்.