ஒண்ணும் ஆகாது சார்

சிமெண்டுக்கு 43 கிரேடு, 53 கிரேடு என்று மூட்டையிலேயே அச்சடித்து விற்கிறார்கள். கம்பிக்கு 500, 550 என்று எண் இருக்கிறது. கான்கிரீட்டின் வலுவைச் சோதித்துச் சொல்ல 28 நாள் காத்திருக்க வேண்டும். இத்தனை தொல்லையும் இல்லாத கட்டுமானப் பொருள் ஒன்று எங்கள் பக்கம் புழக்கத்தில் உண்டு. வாயை விட்டு வெளியே வந்த நொடியே கெட்டிப்பட்டுவிடும். தண்ணீர் விட வேண்டாம், முட்டுக் கொடுக்க வேண்டாம். அதன் பெயர் ‘ஒண்ணும் ஆகாது சார்’. கோவில்பட்டி வட்டாரத்தில் இருபது வருடமாக வீடுகளுக்குக் கம்பிக் கணக்குப் போட்டுப் பிழைக்கிறவன் நான். அந்தப் பொருளையும் அதைக் கைவசம் வைத்திருக்கும் மேஸ்திரியையும் வாயார வாழ்த்தாமல் போனால் நன்றி கெட்டவன் ஆவேன்.

உதாரணத்துக்கு அண்ணாச்சி ஒருவரின் வீட்டை எடுத்துக்கொள்கிறேன். எட்டு வருடத்துக்கு முன் கட்டியது, கீழே ஒன்று மேலே ஒன்று.

முதலில் மண். எங்கள் கரிசல் சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வாய் பிளக்கும். ஐப்பசியில் நாலு மழை விழுந்தால் உப்பிக்கொண்டு மேலே இருக்கிற சுவரையும் சேர்த்துத் தூக்கும். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் இதற்காக மண்டையைக் குழப்பிக்கொண்டு, அடிப்பக்கம் குமிழ் போல அகன்ற பைல் அடித்தளத்தை உருவாக்கிக் கொடுத்தார்கள். ஆழமான கரிசலில் மூன்றரை மீட்டர் வரை, வெயிலும் மழையும் எட்டாத மண் வரைக்கும், இறங்கச் சொல்கிறார்கள். பாவம், எங்கள் மேஸ்திரியை அவர்களுக்குத் தெரியாது. அவர் ஈசானிய மூலையில் நின்று ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். “பக்கத்து வீட்டுக்கு நாலடிதான் வானம் தோண்டுனோம். நிக்குதுல்ல?” என்றார். நின்றது. அந்த வீட்டுச் சமையலறைச் சுவரில் சுண்டுவிரல் நுழையும் விரிசலும் கூடவே நின்றது. அதன் மேல் காலண்டர் மாட்டியிருந்தார்கள். மண் பரிசோதனைக்கான பணம் அண்ணாச்சிக்கு அப்படியே மிச்சம். வாசல்படிக் கிரானைட்டுக்கு அது உதவியது.

அடுத்தது வரைபடம். அதை நான் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. தளத்தின் எடை பீமுக்கு வந்து, பீம் அதைத் தூணிடம் கொடுத்து, தூண் ஃபுட்டிங்கில் இறக்கி, ஃபுட்டிங் மண்ணில் பரப்ப வேண்டும். வழியில் எங்கும் எடை திண்டாடி நிற்கக் கூடாது. என் படிப்பு முழுவதும் இவ்வளவுதான். வாஸ்து பார்க்க வந்தவர் இதைவிட அதிகம் படித்தவர். மாடிப் படுக்கையறையில் ஒரு தூண் இடைஞ்சலாக நிற்கிறது என்று ஒன்றரை அடி தள்ளி வைக்கச் சொன்னார். கீழே இருந்த தூண் ஏற்கெனவே எழும்பிவிட்டதால் அது அங்கேயே நின்றது, மேல் தூண் மட்டும் நகர்ந்தது. லேபாட்சி கோயிலின் தொங்கும் தூணைப் பார்க்க ஜனங்கள் பஸ் பிடித்து ஆந்திரா போகிறார்கள். அண்ணாச்சி வீட்டில் அதற்கு டிக்கெட் கிடையாது, காபியும் உண்டு.

மாடியில் ஒரு குறுக்குச் சுவரும் வந்தது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பத்தடி உயரம் என்றால் ஓரடி நீளத்துக்குச் சுமார் 400 கிலோ. கீழே பீம் இல்லாத வெறும் தளத்தின் மேல் அதை எழுப்பினார்கள். நான் வாயைத் திறந்தேன். “பால் காய்ச்சும்போது இதே தளத்துல நூறு பேரு உக்காந்து சாப்பிடப் போறாங்க, தாங்காதா?” என்று கேட்டார் மேஸ்திரி. அந்த நூறு பேரும் கை கழுவிவிட்டு எழுந்து போய்விடுவார்கள் என்ற சின்ன வித்தியாசத்தை நான் சொல்லவில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது.

தூணில் கட்டும் ரிங்கைப் பற்றியும் கொஞ்சம். 9-க்கு 12 அங்குலத் தூணில் 8 எம்எம் ரிங் ஒன்று ஏறக்குறைய 350 கிராம் இருக்கும். தூண் நெருக்கடியில் பிதுங்கிவிடாமல் இறுக்கிப் பிடிப்பது அதுதான். நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 13920 அதன் முனைகளை 135 டிகிரிக்கு மடக்கித் தூணின் வயிற்றுக்குள் செருகச் சொல்கிறது. 90-ல் மடக்கினால் கட்டடம் ஆடும்போது அவிழ்ந்துகொள்ளும். எங்கள் கம்பி கட்டுகிறவர் மூலைமட்டம் வைத்தது போல அச்சாக 90-ல் மடக்கினார். அழகுணர்ச்சி உள்ளவர். பீம் சேரும் இடத்தில் நாலு அங்குலத்துக்கு ஒன்று என்று நான் குறித்திருந்தேன், அவர் எட்டுக்கு ஒன்று கட்டினார். தூணுக்கும் மூச்சு விட இடம் வேண்டுமல்லவா? விட்டுப்போன ஒவ்வொரு ரிங்குக்கும் ஒரு டீயும் ஒரு வடையும் மிச்சம். பொருளோடு சேர்த்துச் சதுரடிக்கு இவ்வளவு என்று பேசி, அதிலும் நூறு ரூபாய் குறைத்த பிறகு, அந்த ரிங் மேஸ்திரியின் சட்டைப் பையிலிருந்துதான் வர வேண்டும். ஆக, பேரம் பேசிய அண்ணாச்சியின் சாமர்த்தியத்துக்கும் பாராட்டில் பங்கு உண்டு.

தளம் போட்ட நாள் திருவிழாதான். காலையில் பூசணிக்காய், மதியம் பிரியாணி. என் வரைபடத்துக்கு அன்றுதான் முழுப் பயன் கிடைத்தது. தரையில் விரித்து மேலே இலை போட்டுச் சாப்பிட்டார்கள். பெரிய தாள், நாலு இலை தாராளமாகப் பிடித்தது.

50 கிலோ மூட்டைக்கு 25, மிஞ்சினால் 27 லிட்டர் தண்ணீர் என்று அளவுக்கோடு போட்ட வாளி ஒன்றை நானே வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அதில் வெற்றிலை எச்சில் துப்பினார்கள். தண்ணீர் நேராக ஓஸில் வந்தது. “கலவை ரசம் மாதிரி ஓடணும் சார், அப்பத்தான் சந்து பொந்தெல்லாம் போகும்.” உண்மை, ஓடியது. பலகை இடுக்கு வழியாகச் சிமெண்டுப் பாலும் ஓடியது. சிமெண்ட் குடித்தது போக மிச்சமுள்ள தண்ணீர் பிறகு காய்ந்து வெளியேறும், இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையாகும். வாடகைக்கு எடுத்த வைப்ரேட்டர் ஓரமாகப் படுத்திருந்தது. ஒரு பையன் கம்பியால் அங்கங்கே குத்தினான். கான்கிரீட்டுக்குள் நூற்றுக்கு ஐந்து பங்கு காற்று தங்கிவிட்டால் வலுவில் முப்பது பங்கு போய்விடும் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். வெயில் ஊரில் வீட்டுக்கூரை காற்றோட்டமாக இருப்பது நல்லதுதானே என்று இப்போது தோன்றுகிறது.

தளக் கம்பிக்குக் கீழே 20 எம்எம் இடைவெளிக்கென்று கவர் பிளாக் ஒரு மூட்டை கொடுத்திருந்தேன். அண்ணாச்சியின் பேரன் அதை அடுக்கி அழகான ரயில் செய்தான். கம்பி பலகையிலேயே சுகமாகப் படுத்துக்கொண்டது. சென்ட்ரிங் பிரித்தபோது அடியில் நின்று நிமிர்ந்து பார்த்தால் எக்ஸ்ரே எடுத்த மாதிரி ஒவ்வொரு கம்பியையும் எண்ண முடிந்தது. எத்தனை கம்பி போட்டார்கள் என்று வீட்டுக்காரருக்கு இவ்வளவு வெளிப்படையாகக் கணக்குக் காட்டும் தொழில் வேறு எது? பூசி மறைத்துவிட்டார்கள், அது வேறு.

என்னை மெய்மறக்கச் செய்தது பால்கனி. நாலடி வெளியே நீளும், முன்னால் தூண் கிடையாது. இப்படி அந்தரத்தில் நீளும் பலகை தொய்ய முயலும்போது மேல்பக்கம் இழுபடும், அடிப்பக்கம் நசுங்கும். கான்கிரீட்டை எவ்வளவு வேண்டுமானாலும் நசுக்கலாம், இழுத்தால்தான் அதற்குத் தாங்காது. அதனால் இழுபடுகிற மேல்பக்கத்தில் கம்பி இருக்க வேண்டும். உள்ளறைத் தளத்துக்கு இது நேர் தலைகீழ், அங்கே நடுவில் அடியில்தான் கம்பி. காலையில் நான் பார்த்தபோது பால்கனிக் கம்பி மேலேதான் இருந்தது. பிறகு சட்டி தூக்கிய பத்துப் பதினைந்து பேர் அதன் மேலேயே நடந்து போய் நடந்து வந்தார்கள். கம்பியை வளைத்து ‘நாற்காலி’ கட்டி அதைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லியிருந்தேன், யாரோ அந்த நாற்காலியைத் தேடி நிஜ நாற்காலி கொண்டுவந்து எனக்குப் போட்டார்கள். மதியத்துக்குள் கம்பி அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார். “உள்ள கம்பி இருக்குல்ல சார்? மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன?” மேலென்றும் கீழென்றும் பேதம் பார்க்காத இந்தச் சமநோக்கு வர ஞானிகள் எத்தனை வருடம் தவம் கிடக்கிறார்கள்! அந்தப் பால்கனியில்தான் இப்போது அண்ணாச்சி ஈஸிசேர் போட்டுப் பேப்பர் படிக்கிறார். நான் போனால் உள்ளே ஹாலிலேயே உட்கார்ந்துகொள்கிறேன், வெயில் ஆகாது என்று சொல்லி.

ஒன்றைக் கிண்டலில்லாமல் சொல்ல வேண்டும். அதே மேஸ்திரி தூக்குக்குண்டைக் கையில் எடுத்தால் சுவர் நூல் பிசகாது. செங்கல் வரி கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். கண்ணுக்குத் தெரியும் வேலையில் அவரை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆள் இல்லை. அண்ணாச்சியும் அதைத்தான் கேட்டார். டைல்ஸ் தேர்ந்தெடுக்க எட்டு ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போய்வந்த மனிதர், ஃபுட்டிங் கான்கிரீட் போட்ட அன்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்துவதைப் பற்றி அதிகம் இல்லை. கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது பத்து நாள், எங்கள் வெயிலுக்குப் பதினாலு நாள் என்கிறது ஐ.எஸ். 456. தளத்தில் பாத்தி கட்டி மூன்று நாள் தண்ணீர் நிறுத்தினார்கள், நாலாம் நாள் மோட்டார் பழுது. தூண்களுக்குச் சாக்குச் சுற்றச் சொன்னேன். வாட்ச்மேன் காலையில் ஒவ்வொரு தூணுக்கும் ஒரு செம்பு தெளித்தார், தீர்த்தம் தெளிப்பது போல. பக்தியான மனிதர்.

எல்லாம் முடிந்த பிறகு பிளம்பர் வந்தார். நாலு அங்குலக் குழாய் போக வழியில்லை என்று, பீமில் தூணை ஒட்டிய இடமாகப் பார்த்துக் காது குத்தினார். நடுவே இரண்டு கம்பி குறுக்கிட்டதால் வெட்டி எடுத்து, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். வீணாக்கத் தெரியாத கை.

2001 ஜனவரி 26 அன்று பூஜ்ஜில் பூமி ஆடியபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில், கீழே கார் நிறுத்தத் தூண் மட்டும் விட்டு மேலே சுவர் அடைத்துக் கட்டிய அடுக்குமாடிகள் பல விழுந்தன. அடுத்த வருடமே சென்னையை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாவதுக்கு ஏற்றினார்கள். மேஸ்திரியிடம் சொன்னேன். “அது குஜராத்து சார்.” 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடி, பூமி ஆடாமலே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் செத்துப்போனார்கள், பெரும்பாலும் அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்கள். பக்கத்தில் ஜோடியாக நின்ற கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அது பெரிய பில்டிங் சார், நம்மளது சின்னது” என்றார் பிறகு. சின்ன வீட்டில் ஆள் குறைவு என்பது சரியான கணக்குதான்.

அரசாங்கமும் எங்கள் மேல் நம்பிக்கை வைக்கிறது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுரடி வரையுள்ள மனையில் 3,500 சதுரடி வரை வீடு கட்ட, உரிமையாளரே சுயசான்று அளித்தால் இணையத்தில் உடனே அனுமதி. அலைச்சல் ஒழிந்தது, லஞ்சம் குறைந்திருக்கும், வரவேற்கிறேன். இணையத்துக்கு ஒரு பிளான், மேஸ்திரிக்கு ஒரு பிளான் என்று இரண்டு போட வேண்டியிருப்பதால் எங்களுக்கும் தொழில் பெருகியிருக்கிறது.

போன வாரம் அண்ணாச்சி கூப்பிட்டனுப்பினார். பையனுக்குக் கல்யாணம், மேலே இன்னொரு மாடி எடுக்க வேண்டும். மொட்டைமாடிக்கு ஏறினோம். எதிர்காலத்துக்கென்று விட்டுவைத்த தூண் கம்பிகள் எட்டு வருட மழையில் துருப்பிடித்து நின்றன. இரண்டில் தண்ணீர் பாட்டில் கவிழ்த்திருந்தது, மற்றவற்றில் துணிக்கொடி. மேஸ்திரி சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். துரு பொலபொலவென்று உதிர்ந்து உள்ளே மெலிந்த கம்பி தெரிந்தது. “அழுக்குதான் சார், போயிருச்சு” என்றார்.

“பேங்க்ல லோனுக்கு உறுதிச் சான்று கேக்காங்க தம்பி” என்று அண்ணாச்சி ஒரு தாளை நீட்டினார். இந்தக் கட்டடம் மேலும் ஒரு மாடியைத் தாங்கும் வலுவோடு இருப்பதாக நேரில் ஆய்வு செய்து கண்டேன் என்று டைப் அடித்துத் தயாராக இருந்தது. கீழே என் பெயர், முத்திரைக்கு இடம்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். “ஒண்ணும் ஆகாது சார்.”

பேனா கொண்டுவரவில்லை என்றேன். பேரன் கீழே ஓடினான். படியில் அவன் ஏறி வரும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.