போன வாரத்துக்காரர்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து வடகிழக்கு மூலையில், லுக்அவுட் மலையை ஒட்டி அமைந்த ஃபோர்ட் பெய்ன் போன்ற சிற்றூர்களில், வெளியூர் உறவினர் வந்து இறங்கியதும் அவர்களைப் பகற்பயணத்துக்கு, அதாவது காலையில் கிளம்பி இருட்டுமுன் வீடு திரும்பும் உலாவுக்கு, அழைத்துப் போகும் பொறுப்பை எவரும் கேளாமலே ஏற்றுக்கொள்ளும் பெரியவர் ஒருவகையினர் உண்டு. எந்தக் காட்சியின்முன் விருந்தினரை நிறுத்தினாலும், அவர்கள் வியந்து வாய் திறப்பதற்குள், “போன வாரமல்லவா வந்திருக்க வேண்டும்!” என்று அவர் முந்திக்கொள்வதால், இவ்வகையினரைப் போன வாரத்துக்காரர் என்று குறிப்பிடுவது பொருந்தும்.

இயற்கையும் அவருக்குத் துணைநிற்கிறது என்பதை மறுக்க இயலாது. அவ்வட்டாரத்தின் லிட்டில் ரிவர் என்னும் ஆறு, தன் போக்கின் பெரும்பகுதியை மலையின் முதுகின்மேலேயே ஓடிக் கழிப்பது. பெய்யும் மழையை நம்பியே வாழ்வதால், குளிர்காலத்திலும் வசந்தத்திலும் ஆர்ப்பரித்துவிட்டுக் கோடையின் கடைசியில் மெலிந்துபோவது. உறவினரோ பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்துப் பெரும்பாலும் கோடையில்தான் வருவர். ஆகவே 104 அடி உயரமுள்ள டிசோட்டோ அருவியின் எதிரே அவர்கள் நிற்கும்போது, பாறையில் வழியும் நீரைவிடப் பெரியவரின் வருணனையில் வழியும் நீரே மிகுதியாக இருக்கும். குளிர்காலத்தில் வந்தவர்கள் தப்பித்தார்கள் என்றும் சொல்வதற்கில்லை. நீர் இருக்கும், இலை இராது. இலைகள் நிறம் மாறும் அக்டோபர் இறுதியில் வந்தாலோ, செவ்வாய்க்கிழமை அடித்த காற்று நல்ல சிவப்பையெல்லாம் கொண்டுபோயிருக்கும். பூச்சிகளைத் தன் குடுவைக்குள் வீழ்த்தி உண்ணும் பச்சைக் குடுவைத் தாவரம் என்ற அரிய செடி அங்கே வளர்கிறது. கோடை முற்றும்போது குடுவைகள் வாடிவிடும் என்பதால், காய்ந்த தண்டை விரலால் சுட்டி, மே மாதத்தில் அது ஈ பிடித்த அழகைக் கையசைத்து நடித்தே காட்டுவார்.

1992-ல் தேசியப் பாதுகாப்பிடமாக அறிவிக்கப்பட்ட லிட்டில் ரிவர் ஆழ்பள்ளத்தாக்கின் விளிம்பையொட்டி 11 மைல் நீளச் சாலை செல்கிறது. ஆங்காங்கே வண்டியை நிறுத்திப் பள்ளத்தாக்கை எட்டிப் பார்ப்பதற்கான இடங்களும் உண்டு. அவ்விடங்களில் அவர் எஞ்சினை அணைப்பதில்லை. கீழே இறங்கும் பாதைகளில் இளமையில் போதுமான அளவு இறங்கிவிட்டதாக அவர் கருதுகிறார்; இக்கருத்தில் அவருடைய முழங்கால்களுக்கும் உடன்பாடு உண்டு. ஏதோ ஓரிடத்தில் மட்டும் எஞ்சின் ஓயும். அங்கே பிக்அப் வண்டியின் பின்கதவு திண்ணையாகச் சாய்க்கப்பட்டு, பனிக்கட்டிப் பெட்டி திறக்கப்படும். துருவிய பாலாடைக்கட்டியுடன் மயோனைசும் பிமென்டோ என்னும் இனிப்புச் சிவப்பு மிளகாயும் சேர்த்துப் பிசைந்து ரொட்டிக்கிடையே தடவிய சாண்ட்விச்சுகள் வெளிவரும். அந்த அரைமணி நேரம் அவர் முழுக்க முழுக்க நிகழ்காலத்தில் வாழ்கிறார். தக்காளி மட்டும் போன வாரம் இன்னும் கனிந்திருந்தது.

ஆகஸ்டு மாதம் அவருக்குப் பொற்காலம். வீட்டில் வேண்டாத பொருள்களை முற்றத்தில் பரப்பி விற்கும் சந்தை, மிச்சிகனிலிருந்து அலபாமாவின் காட்ஸ்டன் வரை 690 மைலுக்கு நீண்டு, இம்மலைச் சாலையோரமாகவும் நான்கு நாள் நடைபெறுகிறது. அது தொடங்குவது வியாழக்கிழமை; விருந்தினர் வருவதோ சனிக்கிழமை. மூடியில்லாத தேநீர்க் கெண்டிகளுக்கிடையே அவர்களை நடத்திச் செல்லும் பெரியவர், வியாழன் காலையில் இதே மேசையில் இருந்த மூடியைப் பற்றி உருக்கமாகப் பேசுவார்.

நியாயமாகச் சொன்னால், இப்பழக்கம் ஊரிடமிருந்தே அவருக்கு வந்திருக்கக்கூடும். இரும்பும் நிலக்கரியும் கொட்டப்போகின்றன என்று நம்பிப் பணம் குவிந்தபோது ஃபோர்ட் பெய்ன் 1889-ல் ஓர் ஓபரா அரங்கையே கட்டிக்கொண்டது. செல்வம் சில ஆண்டுகளில் கலைய, அரங்கு மட்டும் எஞ்சி நின்றது. பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகளுடன் உலகின் காலுறைத் தலைநகரம் என்று பெயரெடுத்து, மலிவான இறக்குமதி வந்ததும் அவற்றில் மிகப் பலவற்றை இழந்தது. இருமுறை இப்படி நேர்ந்த ஊரில் பிறந்தவர், நல்லதெல்லாம் முன்னமே நடந்து முடிந்தது என்று எண்ணினால் அவரைக் குறை கூற முடியாது.

அவர் கூற்று ஐயத்துக்கிடமின்றி உண்மையாகும் ஓரிடமும் உண்டு. பக்கத்து ஊரான ஸ்காட்ஸ்பரோவில், விமானப் பயணிகள் தொலைத்து, உரியவரிடம் சேர்க்க முடியாமற்போன பெட்டிகளின் உள்ளடக்கத்தை விற்கும் கடையொன்று 1970 முதல் இயங்குகிறது. சரக்கு நாள்தோறும் மாறுவதால், போன வாரம் இருந்தது இந்த வாரம் இராது என்பது அங்கே வணிக விதி. அதனால்தானோ என்னவோ, அக்கடையில் அவருக்குச் சுவாரசியம் குறைவு. வாசல் பெஞ்சில் அமர்ந்துவிடுவார்.

விருந்தினர் விடைபெற்றுச் செல்வர். அடுத்த சனிக்கிழமை வேறோர் உறவுக் குடும்பத்தை அதே அருவியின்முன் நிறுத்தி, “போன வாரம் எங்கள் அட்லான்டா பிள்ளைகள் வந்தார்கள், அடடா, என்ன தண்ணீர், என்ன தண்ணீர்!” என்பார்.