வாங்கிய நூலைத் தேடுதல்: ஓர் ஆய்வு

மின்னூல் வாசகரை ஆராயப் புகுவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, அவர் ஒரு நூலை வாசிக்கும் நேரத்தைவிட, அது எந்தக் கடையில் வாங்கியது என்று தேடும் நேரமே மிகுதி என்பதாகும். அச்சு நூல் வைத்திருப்பவர் தம் அலமாரியை ஆசிரியர் வாரியாகவோ பொருள் வாரியாகவோ அடுக்குகிறார். மின்னூல் வாசகரோ, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், கடை வாரியாகவே அடுக்க வேண்டியவராகிறார். ஒரே நாவலின் முதல் பாகம் கிண்டிலிலும், தள்ளுபடி நாளில் வாங்கிய இரண்டாம் பாகம் கூகுள் பிளே புக்ஸிலும், விமான நிலையத்தில் பொழுது போகாமல் வாங்கிய மூன்றாம் பாகம் ஆப்பிள் புக்ஸிலும் கிடக்க, கதாநாயகன் ஆபத்திலிருந்து தப்பும் ஒவ்வொரு முறையும் வாசகர் ஒரு கடவுச்சொல்லை நினைவுகூர நேர்கிறது.

இந்நிலைக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, கோப்பு வடிவம். ஈபப் என்பது 2007இல் பொதுத் தரமாக ஏற்கப்பட்ட வடிவம். கூகுள், ஆப்பிள், கோபோ ஆகிய கடைகள் அதைத் தழுவி நடக்க, அதே ஆண்டு நவம்பரில் கிண்டில் கருவியை வெளியிட்ட அமேசான், மோபியும் அதன் வாரிசுகளுமாகத் தனக்கென வேறொரு வடிவக் குடும்பத்தை வளர்த்துக்கொண்டது. இரண்டாவது, பூட்டு. டிஆர்எம் எனப்படும் எண்மிய உரிமை மேலாண்மை, கோப்பை மறையாக்கம் செய்து, வாங்கியவரின் கணக்கில் பதிவான செயலிக்கு மட்டும் திறந்துவிடும் ஏற்பாடாகும். ஆப்பிள் கடையில் வாங்கியதும் ஈபப்தான், கோபோ கருவி வாசிப்பதும் ஈபப்தான். ஆயினும் முன்னதன் பூட்டைப் பின்னது திறக்காது. எல்லாரும் கூடி ஒரே அளவில் கதவு செய்வதென்று முடிவெடுத்து, பிறகு அவரவர் பூட்டைத் தொங்கவிட்டதற்கே இத்துறையில் பொதுத் தரம் என்று பெயர்.

பூட்டின் செயல்முறையை அருகிருந்து காண விரும்புவோர், கோபோவிலோ கூகுளிலோ வாங்கிய பூட்டுள்ள நூல் ஒன்றைக் கணினியில் பதிவிறக்கிப் பார்க்கலாம். வந்து சேர்வது நூலன்று. ஏசிஎஸ்எம் என்னும் பின்னொட்டுடைய, சில கிலோபைட்டே உள்ள ஒரு சீட்டு. அதைப் பிரித்துப் பார்த்தால் நூலின் பெயர், ஆசிரியர் பெயர், நூலைப் பெற்றுக்கொள்ள வேண்டிய முகவரி ஆகிய எல்லாம் இருக்கும். நூல் மட்டும் இருக்காது. அச்சீட்டை அடோபி நிறுவனத்தின் மென்பொருளிடம் கொடுத்து, அங்கும் ஒரு கணக்குத் திறந்து, அதற்கும் ஒரு கடவுச்சொல் சூட்டிய பின்னரே நூல் இறங்கி வருகிறது. ஒரே கடையிடம் சிக்கிவிடக் கூடாதென்று இரண்டாம் கடைக்குப் போனவர் மூன்றாமவரிடமும் கணக்கு வைத்துத் திரும்புவது இவ்வாறுதான்.

ஒரே கடைக்குள் அடங்கி வாழ்பவருக்கும் நிம்மதி உறுதியில்லை. கைப்பேசியில் விட்ட இடத்திலிருந்து கிண்டிலில் தொடரச் செய்யும் வசதிக்கு ஒத்திசைவு என்று பெயர். வாசிப்பவர் ஒருவரே என்பது அதன் நம்பிக்கை. கணவனும் மனைவியும் ஒரே கணக்கில் ஒரே துப்பறியும் நாவலை வாசிக்கும் வீட்டில், மனைவி இரவோடு இரவாக முடித்துவிட, காலையில் மூன்றாம் அத்தியாயத்தைத் திறக்கும் கணவனிடம், மற்றொரு கருவியில் எட்டிய கடைசிப் பக்கத்துக்குப் போகலாமா என்று கருவி பணிவுடன் கேட்கிறது. அரைத் தூக்கத்தில் ஆம் என்று தொட்டவர், கொலைகாரனுக்கு விலங்கு மாட்டும் பக்கத்தில் போய் விழுகிறார்.

கடையே மறைந்துவிடுவதும் இவ்வியலில் அடங்கும். 2015இன் இறுதியில் ஃபிளிப்கார்ட் மின்னூல் விற்பனையைக் கைவிட்டபோது அதன் வாசகர்கள் கோபோவிடம் ஒப்படைக்கப்பட்டனர். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் நூற்கடையை மூடி, விற்ற நூல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு விலையைக் கொடுத்ததுடன், ஓரக் குறிப்பு எழுதி வைத்திருந்தோருக்கு 25 டாலர் கூடுதலாகவும் கொடுத்தது. மனிதகுல வரலாற்றில் நூலின் ஓரத்தில் கிறுக்கியவருக்குப் பணம் கிடைத்தது அரிதான நிகழ்வாதலால் இது குறித்துக்கொள்ளத் தக்கது. அதற்கும் முன்பே, 2009இல், விற்றவருக்கு உரிமை இல்லாத ஜார்ஜ் ஆர்வெல் நூல்களை வாங்கியோரின் கிண்டில்களிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தே அழித்துப் பணத்தைத் திருப்பியது. அவற்றுள் ஒன்று, ஆவணங்களை அரசு அழிப்பதைப் பற்றிய '1984' என்பதால், அந்நிகழ்ச்சிக்கு நகைச்சுவை சேர்க்கும் பொறுப்பு யாருக்கும் ஏற்படவில்லை. வாசகர் பெற்றது நூலையன்று, வாசிக்கும் அனுமதியை மட்டுமே என்பது, யாரும் படிக்காத விதிமுறைகளில் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது.

பரிகாரங்களும் உண்டு. கோவித் கோயல் 2006இல் தொடங்கிய காலிபர் என்னும் இலவச மென்பொருள் பெரும்பாலான மின்னூல் வடிவங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றித் தரும்; பூட்டிய கோப்பைக் கண்டால் மட்டும் கைவிரித்துவிடும். தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாக வழங்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் இறக்கிய கோப்போ எந்தப் பூட்டுமின்றி எல்லாக் கருவிகளிலும் ஏறுகிறது. ஆகவே, காசு கொடுக்காமல் பெற்ற நூல் ஊரெல்லாம் சுற்றி வர, காசு கொடுத்து வாங்கிய நூல் கடை வாசலைத் தாண்டுவதில்லை என்பதே இத்துறையின் அடிப்படை விதியாகக் கொள்ளத் தக்கது.

எனினும் இப்பூட்டினால் விளைந்த நன்மை ஒன்றைச் சொல்லாமல் விடுவது நடுநிலையாகாது. அச்சு நூல் உடையவர், இரவல் கேட்கும் உறவினரிடம் தர மனமில்லை என்று சொல்ல முடியாமல் தவித்து, நூலையும் சில வேளை உறவையும் இழந்தார். மின்னூல் வாசகரோ, கொடுக்க ஆசைதான், தொழில்நுட்பம் இடம்கொடுக்கவில்லையே என்று முழு உண்மையைச் சொல்லியே தப்பிக்கிறார். இவ்வாதம் உறவினர் தரப்பின் ஒரே ஒரு மறுமொழிக்கு முன்புதான் நிற்பதில்லை: “அதனால் என்ன, அந்தக் கருவியையே ஒரு வாரத்துக்குக் கொடுங்களேன்.”