முன்னால ஷாஃப்ட் இருக்கா, குனிஞ்சு பாரு பேராண்டி

வா பேராண்டி. பெங்களூர்ல சம்பாதிச்ச காசுக்கு ஒரு வழி பண்ணிட்டபோல. மகேந்திரா எம்எம் 540! இந்த வண்டிக போடிமெட்டு ரோட்டுல ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போன காலத்துல நீ பொறக்கவே இல்ல. ஒரு ஜீப்புல எத்தனை பேர் தொங்குனாகன்னு இப்பச் சொன்னா, பழைய கேஸா இருந்தாலும் எழுதிருவாக. அதனால சொல்லல.

பச்சைப் பெயிண்டு பளபளங்குது. நெத்தி நிறைய எல்இடி லைட்டு. கதவுல மலை, மரம், நிலா எல்லாம் ஸ்டிக்கரா ஒட்டியிருக்க. ரொம்பச் சரி. வண்டி மலைக்குப் போகாட்டியும் மலை வண்டியிலேயே இருக்குல்ல.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. வாங்குறதுக்கு முன்னாடி அடியில குனிஞ்சு பாத்தியா? பாக்கலையா? அதான பாத்தேன், பேன்ட்டு அம்புட்டுச் சுத்தமா இருக்கு.

எஸ்டேட்ல ஓடுன ஜீப்பு பலதுல முன்பக்க ஷாஃப்டைக் கழட்டிப் போட்டிருவாக. டீசல் மிச்சம், தேய்மானம் மிச்சம். ஃபோர் வீல் போடுற ரெண்டாவது லிவர் அங்கனயே நிக்கும். நீ இழுத்தா டக்குன்னு விழவும் செய்யும். முன் சக்கரத்துக்குத்தான் சேதி போகாது. வித்தவன் ‘ஃபோர் வீல்’னு சொன்னானாக்கும்? அவன் பொய் சொல்லலப்பா. எண்ணிப் பாரு, நாலு வீலு இருக்கு.

ஷாஃப்ட் இருந்தாலும் பத்தாது. முன் சக்கர நடுவுல ஹப் லாக் இருந்தா அதைத் திருப்பி மாட்டணும். அப்புறம் உழுத மண்ணுலயோ ஓடை மணல்லயோ எறக்கி, லோ கியர் போட்டு மெல்ல நகத்து. ஒருத்தனைத் தள்ளி நிக்க வச்சு, முன் சக்கரம் மண்ணைப் பறிக்குதான்னு பாக்கச் சொல்லு. இதைத் தார் ரோட்டுல செஞ்சு காட்டி வீடியோ எடுத்துறாத. திரும்பும்போது முன் சக்கரம் பெரிய வட்டம் போடும், பின் சக்கரம் சின்ன வட்டம் போடும். ரெண்டையும் ஒரே வேகத்துல கட்டிப் போட்டுட்டா, மண்ணுல கொஞ்சம் வழுக்கிச் சமாளிச்சுக்கும். தாரு விடாது. அம்புட்டு முறுக்கும் கியர் பெட்டிக்குள்ள ஏறும். அப்புறம் லிவரை நியூட்ரலுக்கு இழுக்க ரெண்டு ஆளு வேணும். பல்லு போனா மெக்கானிக் வீட்டுல கல்யாணச் செலவு உன்னுது.

நீ பெயிண்டைப் பாத்து மயங்கிட்டன்னு தெரியுது. அரியானாவுல மண்டி டப்வாலின்னு ஒரு ஊரு. பழைய ஜீப்பைப் பிரிச்சுப் புதுசாக் கட்டுறதுல பேர் போன ஊரு. கைவேலைக்காரவுக, குறை சொல்லல. ஆனா எந்த ஊர்ல கட்டுன வண்டியா இருந்தாலும் கையில ஒரு காந்தத்தைக் கொண்டு போ. தகரத்துல ஒட்டும், பட்டி பூசுன இடத்துல ஒட்டாது. சேஸிஸை ஸ்பேனரால தட்டிக்கிட்டே வா. கணீர்னு கேட்டா நல்லது, பொத்துன்னு கேட்டா உள்ள துரு. அதுல பொறிச்ச நம்பரும் ஆர்சி புக்கு நம்பரும் ஒண்ணான்னு பாத்துக்க. ரெண்டும் வேறன்னா நீ வாங்குனது ஜீப்பு இல்ல, கோர்ட்டு வாய்தா.

இன்ஜினு பெஜோ டீசல், 2,112 சி.சி., 62 குதிரை. ஓடும்போதே ஆயில் மூடியைத் தொறந்து பாரு. குபுகுபுன்னு புகை வந்தா பேக் கம்ப்ரஷன். வீட்டுல சொல்லாம ஒரு தொகையை ஒதுக்கி வையி.

டயரு பெருசாப் போடணுமா? போடேன்! இதுக்குக் கம்பெனி குடுத்தது 6.00-16. நீ கேக்குறது பச்சப்புள்ள அப்பன் செருப்பை மாட்டி நடந்த கதைதான். 62 குதிரை அந்தச் சக்கரத்தைச் சுத்தவே மூச்சு வாங்கும். ஸ்டியரிங் கனக்கும், பேரிங் தேயும், பிரேக் பிடிச்சாலும் வண்டி தள்ளிப் போய் நிக்கும். கம்பெனி சைசுலயே முரட்டுப் பல்லு டயரைப் போடு. மணல்ல காத்தை 18, 20 பவுண்டுக்கு எறக்கு. டயரு பரந்து மிதிக்கும், புதையாது. காத்தை எறக்க யாரு வேணாலும் எறக்கலாம், திரும்ப ஏத்தப் பம்பு வச்சிருக்கியா? இல்ல. ஆனா காப்பிக் கொட்டை அரைக்கிற மிஷினு வச்சிருக்க.

கொழுக்குமலைக்குப் போயிருக்கியா? மலை நம்ம தேனி மாவட்டம், ஜீப்பு ஏறுற பாதை கேரளாவுல சூரியநெல்லி வழியா. ஏறக்குறைய 7,900 அடி. விடியக்காலையில அந்தக் கல்லுப் பாதையில ஏத்துறவுக கால்ல ரப்பர் செருப்பு, வண்டியில ஒரு ஸ்டெப்னி, ஒரு ஜாக்கி, ஒரு கயிறு, சக்கரத்துக்கு அண்டை குடுக்க ஒரு கட்டை. லோ கியரைப் போட்டா இன்ஜின் இழுவை ஏறக்குறைய ரெண்டரை மடங்காகும். போட்டுட்டுக் கிளட்ச்சுல இருந்து காலை எடுத்துருவாக. எறக்கத்துலயும் அதே கியரு. இன்ஜினே வண்டியைப் பிடிச்சு நிப்பாட்டி எறக்கும். பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு எறங்குனா டிரம்மு சூடாகி, கடைசி வளைவுல கால் தரை வரைக்கும் போகும். அப்பத்தான் குலதெய்வம் பேரு ஞாபகம் வரும்.

அந்த நீளக் குழாய் என்னது, ஸ்நார்க்கலா? கோடையில கொட்டகுடி ஆத்துல கொக்கு நனையத் தண்ணி இல்ல, நீ மூச்சுக்குழாய் மாட்டியிருக்க. சரி, இருக்கட்டும், தூசியில நல்ல காத்து வாங்கும். ஆனா அது இருக்குன்னு வெள்ளத்துல விட்டுறாத. குழாய் காப்பாத்துறது இன்ஜின் மூக்கை மட்டும். டிஃபரன்ஷியல்லயும் வயர்லயும் தண்ணி போறதை அது என்ன செய்யும்? தார்ப்பாய் வண்டிக்கு மேல கேரியர் கட்டி, அதுக்கு மேல கூடாரமாம். ஒல்லி வண்டி, பாரம் உச்சந்தலையில. சரிவுல கூடாரம் முதல்ல எறங்கிரும், நீ பின்னாடி வரலாம்.

முன்னால முட்டுக்கம்பி வைக்கணும்னு கேட்டியாம். 2017 டிசம்பர்லயே மத்திய அரசு கூடாதுன்னு சொல்லிருச்சு. கம்பெனி குடுத்த அமைப்பை மாத்துறதைப் பத்தி 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் கறாரா ஒரு தீர்ப்புச் சொல்லிருச்சு. அந்தக் காசுல பிரேக் சிலிண்டரையும் ரேடியேட்டர் ஹோஸையும் மாத்து. வெளியில தெரியாது, போட்டோவுல விழாது. அதான் உனக்குப் பிடிக்கல.

இதை மட்டும் கிண்டல் இல்லாமச் சொல்றேன். 2018 மார்ச்சுல குரங்கணிக் காட்டுத்தீயில 20 பேருக்கு மேல போயிட்டாக. வனத்துறை அனுமதி இல்லாத காட்டுக்குள்ள வண்டியையும் விடாத, அடுப்பும் மூட்டாத. ஒத்த வண்டியில போகாத. மாட்டிக்கிட்டா கயிறைச் சேஸிஸ் கொக்கியில கட்டு, பம்பர்ல கட்டாத. இழுக்கையில யாரும் கயிறுக்கு நேரா நிக்கக் கூடாது, அறுந்தா ஆளை அடிக்கும்.

கூடாரம் போட எடம் தேடி ஏன் அலையுற? நம்ம மாந்தோப்புல போடு. வண்டிச் சோதனையும் அங்கனயே ஆகட்டும். லோ கியரை வெறும் வண்டியில பாத்தா என்ன தெரியும்? பாரம் ஏத்திப் பாக்கணும். மாட்டுக்கொட்டத்துல எரு குமிச்சுக் கெடக்கு. டிராக்டர்காரன் ரெண்டு வாரமா இந்தா வாரேன், அந்தா வாரேங்குறான். நாளைக்கு வெள்ளன ஆறு மணிக்கு வந்துரு. மம்பட்டி நான் வச்சிருக்கேன், கூடையும் இருக்கு. அந்த ஸ்டிக்கர் மேல மட்டும் ஒரு சாக்கைக் கட்டிக்க.