வாய் மூடாத பெட்டி

கேள்வி: பொழுதுபோக்குக்குத் தச்சு வேலை பழகுகிறேன். கீல் வைத்துத் தேக்குப் பெட்டி செய்தேன். மூடி முன்பக்கம் திறந்தே நிற்கிறதே?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அழுத்தி மூடாதீர்கள், கீல் பிய்த்துக்கொண்டு வரும்! கீலுக்கான குழியை உளியால் ஆழமாகத் தோண்டியிருப்பீர்கள். பின்விளிம்பு முதலில் முட்டிக்கொள்வதால் முன்பக்கம் கொட்டாவி விடுகிறது. கல்யாணப் பத்திரிகையில் ஒரு துண்டு வெட்டிக் கீலுக்கு அடியில் வையுங்கள். (மொய் எழுதியதற்கு அதாவது கிடைக்கட்டும்.) திருகாணித் தலை துருத்தினாலும் இதே கதைதான்.

அடுத்த பெட்டிக்குக் கீல் பொருத்தும்போது இன்னொரு கவனம்: பித்தளைத் திருகாணியை நேராகத் தேக்கில் முறுக்கினால் கழுத்து முறியும். துளையிட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் ஏற்றிக் கழற்றுங்கள். பிறகு பித்தளையில் சோப்புத் தடவி முடுக்குங்கள். என் முதல் பெட்டியில் முறிந்த இரண்டு இன்னும் உள்ளேதான் இருக்கின்றன.