கால் மைல் கார் ஓட்டம்: திருத்தணிவாசிகளுக்குச் சில யோசனைகள்

புதுக் காரை மலைக்கு ஏற்றியாயிற்று. பானெட்டில் சந்தனம், குங்குமம். நாலு சக்கரத்தடியிலும் நாலு எலுமிச்சம்பழம். குருக்கள் கற்பூரத்தைச் சுற்றிவிட்டு, "எடுங்க" என்கிறார். உங்கள் வண்டியின் முதல் லாஞ்ச் இதுதான். பெரும்பாலானோர் இதை வீணடித்துவிடுகிறார்கள்.

ஒரு போல்ட்டைக்கூட மாற்றாமல், கம்பெனி கொடுத்த காரிலேயே கால் மைலை, அதாவது 402 மீட்டரை, சீக்கிரம் கடப்பது எப்படி என்பதே நம் பாடம். முதலில் எலுமிச்சை. நம் ஊர்ச் சின்னக் கார்களில் அநேகமாக முன்சக்கரம்தான் இழுக்கும். ஆகவே வேலை செய்வது முன்னிரண்டு பழங்கள் மட்டுமே; பின்னிரண்டும் பக்திக் கணக்கு. சளக்கென்று நசுங்கியதும் டயரின் வரிப்பள்ளத்தில் சாறும் கொட்டையும் ஒட்டிக்கொள்ளும். சாறு பிடிப்பைக் கூட்டாது, துடைத்துவிடுங்கள். பந்தயத் தடத்தில் டயரைச் சூடேற்றத் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார்கள். அதற்குள்ளும் இறங்காதீர்கள், சுற்றிப் போங்கள். அது வரியில்லாத பந்தய டயருக்கானது. உங்கள் டயர் தண்ணீரை மொண்டுகொண்டு வந்து புறப்படும் கோட்டிலேயே ஊற்றும்.

பந்தயக்காரர்கள் உயிரை விடுவது முதல் 60 அடிக்குத்தான். அங்கே பத்தில் ஒரு நொடி மிச்சம் பிடித்தால், கடைசிக் கோட்டில் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்காகத் திரும்பி வரும். ஆக்ஸிலேட்டரை அடியோடு மிதித்து கிளட்சைப் படாரென்று விட்டால் டயர் கீச்சிடும், புகை வரும், பையன்கள் கைதட்டுவார்கள். வண்டி மட்டும் அங்கேயே இருக்கும். இரண்டாயிரம் ஆர்.பி.எம்மில் தொடங்குங்கள். டயர் வெறுமனே சுழன்றால் அடுத்த முறை 200 குறையுங்கள். என்ஜின் முனகி அடங்கினால் 200 கூட்டுங்கள்.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இது மாதக்கணக்கில் பழக வேண்டிய வித்தை. மலைப்பாதை ஏற்றத்தில் முன்னால் போகிற பஸ் நிற்க, பின்னால் வருகிறவன் ஹாரனடிக்க, அரை கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடிப்பது நமக்குப் பிறவிக் குணம். கிளட்ச் பிளேட் கருகும் வாசத்துக்கு வீட்டில் ஊதுபத்தி என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு சிக்கல்: வண்டி முன்னே பாயும்போது எடை பின்னால் சாய்கிறது, இழுக்கிற முன்சக்கரம் லேசாகிறது. அறிவியல்படி பார்த்தால் ரிவர்ஸில் ஓட்டுவதே உத்தமம். கடைசிக் கோட்டுக்கு யார் முகத்தைக் காட்டுவது என்பதுதான் பிரச்சினை.

அடுத்தது எடை. ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கியில் போன பொங்கலிலிருந்து கிடக்கும் அரிசி மூட்டை எல்லாம் இறங்கட்டும். சுமார் 45 கிலோ குறைந்தால் கால் மைலில் பத்தில் ஒரு நொடி குறையும் என்பது பந்தயக்காரர்களின் வாய்க்கணக்கு. டாஷ்போர்டு முருகனை எடுத்தால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது, இருக்கட்டும். 68 கிலோ அத்தையோ பத்தில் ஒன்றரை. ஆனால் முகத்துக்கு நேரே இறங்கச் சொல்ல முடியுமா? அதற்குத்தான் திருத்தணியில் 365 படி இருக்கிறது, வருஷத்தில் நாளுக்கு ஒன்றாக.

"ஏண்டா, மேல வரைக்கும் ரோடு போட்டிருக்கானே?"

"நடந்து ஏறினாத்தான் அத்தை வேண்டுதல் பலிக்கும்."

காற்றும் முக்கியம். 40 டிகிரி வெயிலைவிட 20 டிகிரி குளிரில் காற்று ஏழு சதவீதம்போல அடர்த்தி. என்ஜினுக்கு அவ்வளவு கூடுதல் மூச்சு. எனவே அக்னி நட்சத்திரம் ஆகாது, மார்கழி விடியல் சிலாக்கியம். மார்கழி என்றதும் டிசம்பர் 31 ராத்திரியைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். படித் திருவிழாக் கூட்டத்தில் முதல் 60 அடிக்கே பொழுது விடிந்துவிடும்.

எங்கே ஓட்டுவது? திருப்பதி ரோட்டில் அல்ல. பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவுப்படி முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு காலத்தில் இந்தக் கவலையே இல்லை. நம் திருவள்ளூர் மாவட்டத்துச் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கார் பந்தயமே நடத்தியது. திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது 1960 ஏப்ரல் 1-இல். அதற்கு முன்பென்றால் நீங்கள் மாநிலம் தாண்டி வந்து பார்த்திருப்பீர்கள். 1990-இல் தடம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. கால் மைல் டிராக் (drag) பந்தயம் நடக்கும் நாளை விசாரித்துக்கொண்டு அங்கே போங்கள், ஹெல்மெட்டோடு.

கோட்டில் நின்றதும் பதற வேண்டாம். பச்சை விளக்கு எரிந்ததும் ஓடுகிற கடிகாரம் அல்ல அது; முன்டயர் கோட்டின் குறுக்கே பாயும் ஒளிக்கற்றையை விட்டு நகர்ந்த பிறகுதான் உங்கள் ஓட்ட நேரம் ஆரம்பம். பச்சை பார்த்துவிட்டு மூன்று தரம் 'முருகா' சொல்லிக் கிளம்பினாலும் அந்த எண் கெடாது. பக்கத்துக் கார்க்காரன் ஜெயித்துவிடுவான், அது வேறு விஷயம். தாமதம், ஓட்டம் முடிந்ததும் தரும் நேரச் சீட்டில் தனி வரியாக வரும். அந்த வரியை மட்டும் மடித்துவிட்டு மச்சானிடம் காட்டுங்கள்.